மூலைமட்டம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததைப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். மருமகன் முப்பந்தல் காற்றாலைகளில் ஏறி இறங்கி வேலை படித்தவர்; இப்போது டென்மார்க்கில் அதே வேலை. குடியிருப்பது கோபன்ஹேகனில். அந்த இரண்டு வரிக்கு மார்த்தாண்டம் தபால்காரர் ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்து போட்டார். வழக்கமான 'மொட்டை மாடி ஒழுகுகிறது', 'கிணற்றை மூடி மேலே அறை கட்டலாமா' எல்லாம் இந்தத் தடவை குறைவு. பாதிக்கு மேல் அந்த ஊர்க் கிறிஸ்தவ ஆலயங்களைப் பற்றித்தான். நம்ம விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு ஆலயம் என்றால் கட்டடமும் சேர்த்துத்தானே. எனவே இந்த இதழ் முழுக்க அதுவே. மாடி ஒழுகுகிறவர்கள் அடுத்த மாதம் வரை ஒரு வாளி வைத்துச் சமாளிக்கவும். வழக்கம்போல ஊர் மட்டும் போடுகிறேன், பெயர் போடவில்லை.

ஓவர்சியர் சார், அங்கே ஒரு ஆலயத்தில் கோபுரத்தின் வெளியே படி சுற்றிச் சுற்றிப் போகிறதாமே? படி தப்பான பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்ததும் கட்டினவர் உச்சியிலிருந்து குதித்துச் செத்தார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? (களியக்காவிளை)

படி உண்மை, சாவு பொய். கட்டினவர் லவுரிட்ஸ் டி துரா. கோபுரம் முடிந்தது 1752. அவர் இறந்தது 1759. குதிக்கிறவர் ஏழு வருஷம் யோசித்துக்கொண்டா இருப்பார்? பெரிய வேலை ஒன்று எழும்பினால் அதில் ஒரு சாவைச் சேர்த்துச் சொன்னால்தான் ஜனங்களுக்கு நிம்மதி. நம்ம பக்கத்தில் பெருந்தச்சன் மகன் கழுத்தில் உளி விழுந்த கதையை எத்தனை ஆசாரிமார் வாயால் கேட்டிருக்கிறோம்.

ஆலயத்தின் பெயர் வோர் ஃப்ரெல்சர்ஸ் கிர்கே, அதாவது நம் இரட்சகர் ஆலயம். கட்டியது 1682 முதல் 1696 வரை. வரைபடம் லம்பர்ட் வான் ஹாவன் என்பவருடையது. நாலு கையும் ஏறக்குறைய ஒரே நீளமான சிலுவை வடிவம், சிவப்புச் செங்கல் சுவர். பாணி பரோக். பரோக் என்றால் என்ன என்று இன்னொருவர் தனியாகக் கேட்டிருந்தார், அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: சும்மா நிற்க மனசு வராத கட்டடம். வளையும், முறுக்கும், பொன் பூசிக்கொள்ளும், 'என்னைப் பார்' என்று கையைப் பிடித்து இழுக்கும்.

அந்த முறுக்கு முழுக்க வெளிப்பட்டது கோபுரத்தில்தான். ஆலயம் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து துரா அதைச் செய்தார். ரோம் நகரில் பொரோமினி கட்டிய சந்த் இவோ ஆலயத்தின் உச்சி சங்கு மாதிரி சுழன்று போகும்; அதைப் பார்த்துப் பிறந்த யோசனை. உள்ளே மரச்சட்டம், மேலே செம்புத் தகடு. தரையிலிருந்து 90 மீட்டர். மொத்தம் 400 படி, அதில் கடைசி 150 வெளியே, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் நாலு சுற்று. மேலே போகப் போகப் படி ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு ஆள் தோள் நுழையும் இடம்கூட இல்லாமல் முடிந்துபோகிறது. 1752ல் திறந்தபோது மன்னர் ஐந்தாம் ஃபிரெடரிக்கே ஏறினாராம். நானும் ஏறினேன். மன்னருக்கு அன்று முழங்கால் வலித்ததா என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. உச்சியில் உலக உருண்டைமேல் கொடி பிடித்து நிற்கும் இயேசுவைக் கோபன்ஹேகன்காரர்களே ஊரிலேயே அவலட்சணமான சிலை என்று கேலி செய்வார்கள். கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, பளபளப்பு மட்டும் தெரியும்.

என் மனைவி ஏறவில்லை. "நீங்க போயிட்டு வாருங்க, நான் யானைகிட்ட நிக்கேன்" என்று உள்ளேயே இருந்துவிட்டாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1700ஐ ஒட்டிச் செய்த பெரிய ஆர்கன் அங்கே மேற்குச் சுவரில் இருக்கிறது. மூன்று மாடி வீடு மாதிரியான அந்த மரவேலையை இரண்டு யானைகள் தாங்குகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் மிக உயர்ந்த அரச விருதே யானையின் பெயரில்தான். யானை இல்லாத நாட்டில் யானைக்கு அத்தனை மரியாதை. ஆனால் யானையை நேரில் பார்க்காமல் செதுக்கியிருக்கிறார்கள் என்பது மனைவியின் தீர்ப்பு. திருவட்டாறு திருவிழாவில் யானை பார்த்து வளர்ந்தவளிடம் நான் எதிர்வாதம் பேசவில்லை.

எங்கள் சபையில் புதிய ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டுப் பதினோரு வருஷம். தூண் மட்டும் நிற்கிறது. அசனப் பண்டிகை வசூல், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணம் எல்லாம் போட்டும் தூணுக்கு மேல் போகவில்லை. அந்த நாட்டில் இப்படி நடக்குமா? (வெட்டுவெந்நி)

பதினோரு வருஷத்துக்கா இவ்வளவு வருத்தம்? அங்கே ஒரு ஆலயம் 145 வருஷம் எடுத்தது. ராஜா கட்டிய ஆலயம், அதை மறக்க வேண்டாம்.

பளிங்கு ஆலயம் என்பார்கள். சரியான பெயர் ஃபிரெடரிக் ஆலயம். 1749ல் அதே ஐந்தாம் ஃபிரெடரிக் அடிக்கல் போட்டார். வரைந்தவர் நிக்கொலாய் எய்க்ட்வெட். முழுக்க நார்வே பளிங்கில் கட்டுவதாகத் திட்டம். பளிங்கைக் கப்பலில் கொண்டுவர வேண்டும், செதுக்க வேண்டும், விலை தலைக்கு மேல். எய்க்ட்வெட் 1754ல் இறந்தார். அடுத்து ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து திட்டத்தைத் திருத்தினார். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் பழைய வரைபடத்தில் கை வைப்பது நமக்குத் தெரியாததா? 1770ல், ராஜாவின் மருத்துவராக வந்து நாட்டையே நடத்தத் தொடங்கியிருந்த ஸ்ட்ரூயன்சே, காசில்லை, நிறுத்து என்றார். அவ்வளவுதான். நடு ஊரில், அரண்மனைக்கு எதிரே, பாதிச் சுவர் நூறு வருஷத்துக்கு மேல் இடிபாடாகக் கிடந்தது.

1874ல் டீட்கன் என்ற பணக்காரர் அந்த இடிபாட்டையும் சுற்றியிருந்த நிலத்தையும் அரசிடம் வாங்கினார். ஆலயத்தைப் பழைய வரைபடத்தை ஒட்டியே கட்டி முடித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்குச் சுற்று நிலத்தில் வீடு கட்டி விற்றுக்கொள்ளலாம். இதில் ஊழல் என்று சொல்லி விற்ற நிதி மந்திரிமேல் வழக்கே போட்டார்கள். அவர் விடுதலை ஆனார். ஃபெர்டினாண்ட் மெல்டால் என்ற கட்டடக்கலைஞர் பளிங்கு ஆசையைக் கைவிட்டுச் சுண்ணாம்புக்கல்லில் மீதியைத் தூக்கினார். 1894ல் திறந்தார்கள். உள்ளே நின்று தலையைத் தூக்கிப் பார்த்தால் 31 மீட்டர் அகலக் குவிமாடம், பன்னிரண்டு தூண்களின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்காண்டிநேவியாவிலேயே இதைவிடப் பெரிய ஆலயக் குவிமாடம் கிடையாது.

உங்கள் கமிட்டிக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: அவர்கள் கல்லை மாற்றினார்கள், கட்டி முடித்தார்கள். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் முகப்பில் நாலு கோதிக் ஊசிக்கோபுரம் (பழைய ஐரோப்பியப் பேராலயங்களின் கூர் கூரான பாணி), அத்தனையும் சிமெண்ட். அந்த நாலையும் தயவு செய்து விடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் இதே மாதிரி ஊசி வைத்து, இரண்டு மழைக்காலத்தில் அடிப்பக்கம் விரிசல் விட்டு, பலிபீடத்துக்கு மேலே தண்ணீர் சொட்டுகிறது. மேற்பார்வை பார்த்தது நான்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். ஊசி வைக்கும் காசில் கூரை போட்டுவிடலாம். அதுவரைக்கும் தூணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைத் துரு சுரண்டிச் சிமெண்ட் பால் பூசி வையுங்கள். பதினோரு வருஷ உப்புக் காற்று சும்மா விடாது.

நாங்கள் கொல்லங்கோடு கடற்கரை. அங்கே மீனவர்களுக்கு, கப்பல்காரர்களுக்கு என்று ஆலயம் உண்டா? (நீரோடி)

உண்டு, ஹோல்மன்ஸ் ஆலயம். கடற்படையின் ஆலயம். இதன் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இது ஆலயமாகக் கட்டியதே அல்ல. 1563ல் கப்பல் நங்கூரம் அடிக்கிற கொல்லுப்பட்டறையாகக் கட்டியது. 1619ல் நாலாம் கிறிஸ்டியன் மன்னர் அதையே ஆலயமாக்கினார். நங்கூரம் அடித்த இடத்தில் ஜெபம். 1967ல் அவர்களுடைய இளவரசி, பிற்பாடு ராணியான மார்கரெத்தே, கல்யாணம் செய்துகொண்டதும் இங்கேதான். அந்த நாட்டு ஆலயங்களில் இன்னொரு வழக்கம் உண்டு: கூரையிலிருந்து சின்னக் கப்பல் மாதிரி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். உங்கள் ஊரில் வள்ளத்தை அலங்கரித்து மந்திரிக்கிற நாள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

மயிலாடியில் சிலை வடிப்பவன் நான். அங்குள்ள பேராலயத்தில் உலகப் புகழ் பெற்ற கிறிஸ்து சிலை இருக்கிறதாமே. கல் வேலை எப்படி? (மயிலாடி)

உங்களிடம் கல் வேலையைப் பற்றி நான் பேசுவது திருப்பதியில் லட்டு விற்பது மாதிரி. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வோர் ஃப்ரூ கிர்கே என்பது அந்த ஊரின் பேராலயம், மாதாவின் பெயரில். மத்தியகாலத்திலிருந்து அதே இடத்தில்தான், ஆனால் எரிந்து எரிந்து எழும்பியது. 1728ல் ஊரே எரிந்த தீயில் ஒரு தடவை. அப்புறம் 1807 செப்டம்பரில், நெப்போலியன் சண்டைக்காலத்தில், டென்மார்க் கப்பற்படை பிரெஞ்சுக்காரன் கையில் போய்விடும் என்று பயந்து இங்கிலாந்துப் படை மூன்று ராத்திரி குண்டும் ராக்கெட்டும் எறிந்தது. அதில் கோபுரம் சாய்ந்து ஆலயம் போயிற்று. அந்த ராக்கெட்டின் பிறவியும் நம்ம பக்கம்தான். மைசூரில் ஹைதரும் திப்புவும் எறிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளைக்காரன் தனக்கென்று செய்துகொண்டான்.

மறுபடி கட்டியவர் சி. எஃப். ஹான்சன், 1829ல் முடிந்தது. முன்னால் கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வரிசை, முக்கோண முகப்பு, மேலே ஊசி கிடையாது, சதுரமாக ஒரு கட்டைக் கோபுரம். நியோகிளாசிக் என்பார்கள். பரோக் கத்தும், இது வாய் திறக்காது. நாட்டில் காசில்லாத காலத்தில் பிறந்த அடக்கம் என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலான பன்னிரண்டு அப்போஸ்தலர், முடிவில் பலிபீடத்தில் கிறிஸ்து. அத்தனையும் பெர்ட்டெல் தொர்வால்சன் வடித்தவை. வெள்ளைப் பளிங்கு. கிறிஸ்து இரண்டு கையையும் தாழ விரித்து, தலை குனிந்து நிற்கிறார். 'என்னிடத்தில் வாருங்கள்' என்ற வசனம் அடியில். நின்று பார்த்தால் முகம் சரியாகத் தெரியாது. பக்கத்தில் போய் முழங்காலில் நின்று அண்ணாந்தால் நேராக உங்களைப் பார்க்கிறார். பன்னிரண்டு பேரில் யூதாஸ் இல்லை, அந்த இடத்தில் பவுல். நம்ம கருங்கல்லில் இந்தத் துணி மடிப்பு வருமா என்று அங்கே நின்று உங்கள் ஊர்க்காரர்களைத்தான் நினைத்தேன். வரும், ஆனால் இரண்டு மடங்கு நாள் ஆகும், சரிதானே?

ஆலயத்தோடு ஒட்டிய வட்டக் கோபுரத்தில் ரஷ்ய ராஜா குதிரையில் ஏறினாராமே? (பாறசாலை)

1716ல் ஜார் பீட்டர். ஏறலாம், ஏனென்றால் உச்சிக்குக் கிட்டே போகிறவரை படியே கிடையாது. 1642ல் முடிந்த அந்தக் கோபுரத்துக்குள் செங்கல் தளம் போட்ட சாய்பாதை ஏழரைச் சுற்றுச் சுற்றி, 209 மீட்டர் நீளத்துக்கு மேலே போகிறது. உச்சியில் வானம் பார்க்கிற இடம். ஒட்டியிருக்கும் திரித்துவ ஆலயத்தின் மச்சில் அப்போது பல்கலைக்கழக நூலகம். கீழே ஜெபம், நடுவில் புத்தகம், மேலே நட்சத்திரம். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளப் பள்ளியில் வேலை பார்த்தும் தமிழில் அழகாக எழுதியிருக்கிறீர்கள் டீச்சர், அடிக்கடி எழுதுங்கள்.

எங்கோ இருக்கிற அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இத்தனை பக்கம் எதற்கு? (அருமனை)

கோபித்துக்கொண்டு கேட்டாலும் கேள்வி நல்லது. 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் இறங்கியவர்கள் இந்த டென்மார்க்குக்காரர்கள். மிஷனரி சீகன்பால்கு ஜெர்மன்காரர், ஆனால் அனுப்பியது டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெடரிக், குருப்பட்டம் பெற்றது 1705ல் கோபன்ஹேகனில். 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ல் பிரதிஷ்டை ஆனது. அடுத்த வருஷம் அவரை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அதன் முகப்பில் இன்றும் ராஜாவின் கிரீடமும் எழுத்துச் சின்னமும் இருக்கிறது. சிலுவை வடிவத் தளம், வளைவான முகப்பு. கோபன்ஹேகனில் முறுக்கித் திரிந்த பரோக், வெயிலுக்கும் சுண்ணாம்புச் சாந்துக்கும் அடங்கி நிற்கிற மாதிரி இருக்கும். கோபன்ஹேகன்மேல் குண்டு விழுந்த மறு வருஷம், 1808ல், தரங்கம்பாடியையும் இங்கிலீஷ்காரன் பிடித்துக்கொண்டான். 1815ல் திருப்பிக் கொடுத்தான். 1845ல் காசு கொடுத்தே வாங்கிவிட்டான்.

சரி, அருமனைக்கு என்ன? 1804ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து இறங்கியது அதே தரங்கம்பாடியில். அங்கே தமிழ் படித்துவிட்டுத்தான் 1806ல் ஆரல்வாய்மொழி தாண்டித் திருவிதாங்கூருக்குள் நுழைந்து மயிலாடிக்கு வந்தார். உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஆலயத்தில் எழுத்துப் படித்தார் என்று விசாரித்துப் பாருங்கள், அப்புறம் கோபப்படலாம்.

செங்கல் சூளை வைத்திருக்கிறோம். எங்கள் மகன் அங்கே ஒரு ஆலயத்தின் போட்டோ அனுப்பினான். பூச்சே இல்லாமல் மொத்தமும் மஞ்சள் செங்கல். அந்த நிறம் எப்படி வருகிறது? (தக்கலை)

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் மண். அந்த நாட்டில் போர்ன்ஹோம் என்ற ஒரு தீவைத் தவிர, நம்ம மாதிரிப் பாறை மண்ணுக்கு மேலே தலை காட்டாது. கல் இல்லாத ஊர். களிமண் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் செங்கல் சுடும் வித்தை வந்து சேர்ந்த பிறகு நாடே செங்கல் நாடாயிற்று; பழைய பெரிய அளவுச் செங்கலை இன்னும் 'துறவிக்கல்' என்றுதான் சொல்கிறார்கள், ஏனென்றால் மடத்துத் துறவிகளோடு சேர்த்துத்தான் அதை நினைக்கிறார்கள். நிறத்தைப் பொறுத்தவரை, களிமண்ணில் இரும்பு தூக்கலாக இருந்தால் சூளையில் சிவக்கும், நம்மது அப்படி. சுண்ணாம்பு கூடக் கலந்திருந்தால் மஞ்சளாக வெந்து வரும். அவர்கள் மண்ணில் சுண்ணாம்பு நிறைய. சாயம் எதுவும் இல்லை.

உங்கள் மகன் அனுப்பியது க்ருன்ட்விக் ஆலயம். ஊருக்கு வடமேற்கே பிஸ்பெபியர் என்ற மேட்டில். என். எஃப். எஸ். க்ருன்ட்விக் என்பவர் போதகர், பாட்டு எழுதியவர், கிராமத்துப் பிள்ளைகளும் படிக்கிற மாதிரிப் பள்ளிகள் வர வழி காட்டியவர், அவர் நினைவாக. வரைந்தவர் யென்சன் கிளின்ட். 1921ல் அடிக்கல். 1930ல் அவர் இறந்துபோக, மகன் கோர் கிளின்ட் ஏற்று 1940ல் முடித்தார். அப்போது நாட்டை ஜெர்மன் படை பிடித்துவைத்திருந்த நேரம். சுமார் 50 லட்சம் செங்கல்.

முகப்பைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆர்கன் குழல்களை வரிசையாக நிறுத்தின மாதிரி மேலே ஏறுகிறது. பாணி எக்ஸ்பிரஷனிஸம், அதாவது மனசின் உணர்ச்சியைக் காட்ட வடிவத்தை மிகைப்படுத்துவது, என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு என்ன தெரிந்தது என்றால், அந்த நாட்டுக் குக்கிராமங்களில் சின்ன ஆலயங்களின் முகப்பு படிப்படியாக ஏறி முடியும். அந்தப் படிமுகப்பையே மூன்று மடங்கு, நாலு மடங்கு இழுத்து மேலே தூக்கியிருக்கிறார். உள்ளே போனால் கோதிக் பேராலயத்தின் உயரம், ஆனால் கோதிக்கின் பூவேலை, கொடிவேலை, பூதமுகம் ஒன்றும் கிடையாது. தரை செங்கல், தூண் செங்கல், வளைவு செங்கல், கூரை செங்கல், பிரசங்க பீடமும் அதே செங்கல். பூச்சு இல்லை, படம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் விழுந்து சுவர் மொத்தமும் காய்ச்சின பனங்கருப்பட்டிப் பாலின் நிறத்தில் இருந்தது.

பூச்சில்லாத சுவர் என்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பூச்சு எல்லாப் பாவத்தையும் மூடும் என்பது கொத்தனார்களின் சத்தியவசனம். ஒரு வரி கோணினால் அரை இஞ்சு கலவையைக் கூடப் போட்டு நேராக்கிவிடலாம். இங்கே அதற்கு வழியே இல்லை. நான் பையில் எப்போதும் ஒரு சின்னத் தூக்குக்குண்டு வைத்திருப்பேன். யாரும் பார்க்காத நேரம் ஒரு தூணில் நூலைப் பிடித்துப் பார்த்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நூல் தூணோடு ஒட்டி நின்றது. மூலையில், வளைவு தொடங்குகிற இடத்தில், ஜன்னல் ஓரத்தில், வெட்டின துண்டைச் சொருகி ஒப்பேற்றின இடம் எங்கேயாவது கிடைக்குமா என்று நாற்பது நிமிஷம் தேடினேன். கண்ணுக்குப் பட்டவரை இல்லை. செங்கலின் அளவை வைத்தே ஆலயத்தின் அளவைக் கணக்குப் போட்டால்தான் அப்படி வரும்.

ஆலயத்தைச் சுற்றி அதே செங்கலில் வீடுகளும் கட்டி, நடுவில் இதை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசை வீடு ஒன்றின் மதில்மேல் ஒருவர் துணி உலர்த்தியிருந்தார். ராஜா இல்லை, பளிங்கு இல்லை, யானையும் இல்லை. உங்கள் சூளையில் ஒரே அளவு, ஒரே வேக்காட்டில் ஐயாயிரம் கல் எடுத்துத் தர முடியும் என்றால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், வெட்டுவெந்நி கமிட்டியிடம் பேசிப் பார்க்கிறேன்.

இத்தனை ஆலயம் பார்த்தீர்களே, எதில் ஜெபம் பண்ணத் தோன்றியது? (குழித்துறை)

செங்கல் ஆலயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆளே இல்லை. கோர் கிளின்ட் வரைந்த மர நாற்காலிகள் நூற்றுக்கணக்கில், நம்ம ஊர்ப் பெஞ்சுகளுக்குப் பதிலாக. மனைவி ஒன்றில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நானும் மூடினேன், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எதிர்த் தூணில் எத்தனை வரி என்று எண்ணி விட்ட இடம் ஞாபகம் வந்து மறுபடி திறந்துவிட்டேன். "எண்ணி முடிச்சாச்சா?" என்று அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நான் இன்னும் கொஞ்சம் இருக்கேன்" என்றாள்.